லுகாங் கோயில்களுக்கும் பழைய தெருக்களுக்கும் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தைவானுக்குச் செல்லும் தமிழர்களில் பெரும்பாலோர் தைபேயையும் ஓரிரு மலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோயில் பார்ப்பதில் ஈடுபாடு உள்ளவர்கள் மேற்குக் கடலோரத்தில், சாங்குவா மாவட்டத்தில் இருக்கும் லுகாங்குக்கு ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். அங்கே போகத் திட்டமிடுவோர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

லுகாங்குக்கு அப்படி என்ன சிறப்பு?

லு என்றால் மான், காங் என்றால் துறைமுகம். தமிழில் மான்துறை என்று சொல்லிக்கொள்ளலாம். டச்சுக்காரர்கள் தைவானின் தெற்கே கோட்டை கட்டி ஆண்ட 17ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவிலிருந்து மான்தோல் பெருமளவில் ஏற்றுமதியானது. இந்தச் சமவெளியில் அப்போது மான்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. மான்கள் போன பிறகு நெல் வந்தது. எதிர்க்கரையில் சீனாவின் ஃபுஜியான் மாநிலத்துச் சுவான்சோவை அடுத்த ஹான்ஜியாங் துறையோடு நேரடியாக வணிகம் செய்ய 1784இல், அப்போது சீனாவையும் தைவானையும் ஆண்ட சிங் அரசு லுகாங்குக்கு அனுமதி அளித்தது. இங்கிருந்து அரிசி போனது. அங்கிருந்து மரமும் துணியும் மட்பாண்டங்களும், கப்பல் நிலைதடுமாறாமல் இருக்க அடித்தளத்தில் ஏற்றிய கற்களும் வந்தன. அந்தக் கற்கள்தாம் கோயில் முற்றங்களுக்குத் தளமாயின.

அந்தக் காலத்துச் சொலவடை ஒன்று ஊர்களை வரிசைப்படுத்துகிறது: முதலாவது தலைநகர், இரண்டாவது லு, மூன்றாவது மெங்ஜியா. தலைநகர் என்பது இன்றைய தைனான். மெங்ஜியா என்பது இன்றைய தைபேயின் வான்ஹுவா பகுதி. பின்னர் வண்டல் படிந்து துறை தூர்ந்துபோனது. ஜப்பானியர் ஆட்சியில், 1908இல் நிறைவடைந்த வடக்கு–தெற்கு ரயில் பாதையும் இந்த ஊரைத் தொடாமல் சாங்குவா நகரின் வழியாகச் சென்றுவிட்டது. வணிகர்கள் வேறு ஊர்களைத் தேடிப் போனார்கள். பழையதை இடித்துவிட்டுப் புதியதைக் கட்ட இங்கே யாருக்கும் அவசரமும் இல்லை, கையில் பணமும் இல்லை. லுகாங்கில் நாம் இன்று பார்க்கும் பழமையின் பெரும்பகுதி, அந்த வீழ்ச்சியால் தப்பிப் பிழைத்ததே. துறைமுகம் என்ற பெயரை நம்பி வருபவருக்குப் பழைய ஊரின் நடுவில் நின்றால் கடல் கண்ணிலேயே படாது.

எப்படிச் செல்வது?

லுகாங்கில் ரயில் நிலையம் கிடையாது. சாதாரண ரயிலில் சாங்குவா நிலையத்தில் இறங்கி, அருகிலேயே உள்ள பேருந்து நிலையத்தில் லுகாங் பேருந்தைப் பிடிப்பது எளிய வழி. தொலைவு ஏறக்குறைய 12 கிலோமீட்டர். தைபேயிலிருந்து அதிவேக ரயிலில் வருபவர்கள் தைச்சுங் அதிவேக நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து லுகாங் செல்லும் சுற்றுலாப் பேருந்து கிடைக்கும்.

ஒரு தவறு மட்டும் அடிக்கடி நேர்கிறது. 2015 டிசம்பரில் சாங்குவா என்ற பெயரிலேயே ஓர் அதிவேக ரயில் நிலையம் திறக்கப்பட்டது. அது சாங்குவா நகரில் இல்லை. மாவட்டத்தின் தென்பகுதியில் தியன்சோங் என்ற இடத்தில் இருக்கிறது. பெயரைப் பார்த்து அங்கே இறங்கியவர்கள் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். பேருந்துக் கட்டணத்துக்கு, தைபேயில் மெட்ரோவுக்காக வாங்கிய ஈஸிகார்டு அட்டையே போதும்.

ஒரு நாள் போதுமா?

வடக்கே தியன்ஹோ கோயிலும் தெற்கே லோங்ஷான் கோயிலும் இருக்கின்றன; இரண்டுக்கும் நடுவில் சோங்ஷான் சாலையும் அதை ஒட்டிய பழைய தெருக்களும் உள்ளன. நடந்தே பார்த்துவிடலாம் என்பதால் காலை எட்டு மணிக்கு வந்தால் மாலைக்குள் முக்கியமானவற்றை முடித்துவிட முடியும். ஆனால் ஒரு இரவு தங்குவதே நல்லது என்பது என் கருத்து. வார இறுதியில் பகல் பதினொரு மணிக்கு மேல் பழைய தெருவில் தோளோடு தோள் உரசும் கூட்டம் இருக்கும். அதே தெருவில் ஒரு வாரநாளின் விடியற்காலையில் நடந்தால், வீட்டு வாசலில் ஊதுபத்தி ஏற்றிவைக்கும் பாட்டிகளையும் சைக்கிளில் காய்கறி கொண்டுபோகிறவர்களையும்தான் காண்பீர்கள். குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று கடுமையாக வீசும். கோடையில் வெயிலும் புயலும் உண்டு. அக்டோபர், நவம்பர் மாதங்களும் மார்ச், ஏப்ரல் மாதங்களும் நடப்பதற்கு ஏற்றவை.

தியன்ஹோ கோயிலில் இருக்கும் மாட்சு யார்?

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ‘மாசு’ என்று எழுதினால் தமிழில் பொருள் கெட்டுவிடும் என்பதால் இங்கே மாட்சு என்றே எழுதுகிறேன். கடலில் செல்வோரைக் காக்கும் தெய்வம் இவர். ஃபுஜியான் கரையோரத்து மெய்சோ தீவில் 960ஆம் ஆண்டு லின் குடும்பத்தில் பிறந்த பெண் என்றும், புயலில் சிக்கியவர்களைக் காப்பாற்றினார் என்றும், 987இல் விண்ணேகினார் என்றும் மரபு சொல்கிறது. குழந்தைப் பருவத்தில் அழவே இல்லை என்பதால் மோ, அதாவது மௌனம், என்று பெயரிட்டார்களாம். பேரரசர்கள் அடுத்தடுத்துப் பட்டங்கள் அளித்து உயர்த்தியதில் அவர் விண்ணக அரசி ஆனார். ‘தியன்ஹோ’ என்பதன் பொருளும் அதுவே. தைவானில் குடியேறியவர்கள் ஒவ்வொருவரும் ஆபத்தான நீரிணையைக் கடந்தே வந்தார்கள் என்பதை நினைத்தால், தீவு முழுவதும் ஏன் இத்தனை மாட்சு கோயில்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இங்குள்ள மூலச் சிலையை 1683இல் தைவானைக் கைப்பற்றிய தளபதி ஷி லாங் மெய்சோ தீவிலிருந்து கொண்டுவந்தார் என்பது கோயில் வரலாறு. கோயில் இப்போதைய இடத்துக்கு 1725இல் வந்தது. நிலம் கொடுத்தவர் ஷி ஷிபாங். இவர் சாங்குவா சமவெளிக்கு நீர் கொண்டுவந்த பாபாவ் கால்வாயை 1719இல் வெட்டி முடித்தவர். ஊரில் ஷி என்ற குடும்பப் பெயர் எங்கும் காணப்படுவதற்கும் இந்தக் குலத்தின் செல்வாக்கே காரணம்.

சிலையின் முகம் ஏன் கறுப்பாக இருக்கிறது?

செதுக்கியபோது அது கறுப்பு இல்லை; தோல் நிறத்தில்தான் இருந்தது. முந்நூறு ஆண்டுகளாக அடியார்கள் ஏற்றிய ஊதுபத்திப் புகை படிந்து கறுத்துவிட்டது. கருவறைக்கு எதிரே சற்று நேரம் நின்று, மேலே விட்டத்தையும் பாருங்கள். பொன்பூச்சு இருந்த செதுக்கல்களின் மேல் அதே கரி படிந்திருக்கும்; மேற்புறம் மட்டும் கறுத்து, புகை எட்டாத உள்மடிப்புகளில் பொன் மின்னும். சிலையை அப்படியே விட்டிருப்பதில் ஒரு பெருமிதமும் உண்டு: முகம் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு பேர் வந்து வேண்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

மாட்சுவுக்கு இருபுறமும் நிற்கும் பூத உருவங்களைப் பார்க்காமல் வராதீர்கள். ஒருவர் கையைப் புருவத்தின் மேல் வைத்துத் தொலைவைக் கூர்ந்து நோக்குவார். அவர் ஆயிரம் காதம் காணும் கண்ணர். மற்றவர் காதருகே கையை வைத்திருப்பார். அவர் காற்றில் வரும் ஒலியைக் கேட்பவர். கடலில் எங்கோ கலம் கவிழ்வதைக் காணவும் அதிலிருப்பவர் கூக்குரலைக் கேட்கவும் தெய்வத்துக்கு வாய்த்த பணியாளர்கள் இவர்கள்.

ஊரில் ஏன் ஒன்றுக்கு மேற்பட்ட மாட்சு கோயில்கள் இருக்கின்றன?

குடியேறிகள் தத்தம் ஊர்க்காரர்களோடு சேர்ந்து தமக்கென்று கோயில் கட்டிக்கொண்டார்கள். ஃபுஜியானின் சிங்ஹுவா பகுதியிலிருந்து வந்தவர்கள் 1684இல் சிங்ஆன் என்ற மாட்சு கோயிலை எழுப்பினார்கள். அது மிகச் சிறியது, கூட்டமே இருக்காது. வேறு தெய்வங்களுக்குக் கட்டியவர்களும் உண்டு: ஃபுஜியானின் சாங்சோவிலிருந்து வந்தவர்களுக்கு நான்ஜிங் கோயில், ஹக்கா மொழி பேசும் மக்களுக்கு மூன்று மலை அரசர்கள் கோயில். அக்காலத்தில் இவை வழிபடும் இடங்கள் மட்டும் அல்ல. புதிதாக வந்திறங்கியவன் தன் பேச்சைப் பேசுகிறவர்களைத் தேடிப் போகும் இடங்களும் இவையே.

இவற்றில் தனித்து நிற்பது, புதிய மாட்சு கோயில் என்று பொருள்படும் சின்சூ கோயில். இதை மக்கள் கட்டவில்லை, அரசு கட்டியது. 1786இல் லின் ஷுவாங்வென் தலைமையில் எழுந்த கிளர்ச்சியை அடக்க, சிங் தளபதி ஃபுகாங்ஆன் பெரும் படையோடு லுகாங்கில் வந்திறங்கினார். வெற்றிக்கு மாட்சுவின் துணையே காரணம் என்று சொல்லி, 1788இல் பேரரசரின் ஆணைப்படி கோயில் எழுந்தது. அதனால் இங்கே அந்த இரு பூதங்களும் வழக்கமான வெற்றுடம்பும் வெறுங்காலுமாக இல்லாமல், அரசு அதிகாரிகளைப் போலத் தொப்பியும் காலணியும் அணிந்திருக்கிறார்கள். வாயிலருகே, அதிகாரிகளும் படைவீரர்களும் பொதுமக்களும் குதிரையிலிருந்து இறங்கி வர வேண்டும் என்று ஆணையிடும் கல்லும் உண்டு. பெரிய கோயிலைப் பார்த்த பிறகு இங்கே வந்தால், ஒரே தெய்வம் மக்களிடம் எப்படி இருந்தது, அரசிடம் எப்படி இருந்தது என்ற வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

லோங்ஷான் கோயிலில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். இது குவான்யின் கோயில். வடமொழியில் அவலோகிதேஸ்வரர் என்று அறியப்படும் போதிசத்துவரே சீன மரபில் பெண்ணுருக் கொண்டு குவான்யின் ஆனார். 1653இல் ஒரு துறவி நிறுவியதாகச் சொல்லப்படும் இந்தக் கோயில், 1786இல் இப்போதைய இடத்துக்கு மாற்றப்பட்டது. 1983இல் தைவானின் முதல் தரத் தொல்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நுழைந்ததும் மண்டபத்தின் பின்பக்கம் ஓர் ஆடல் மேடை இருக்கும். அதன் கீழ் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். எட்டு மூலைகளிலிருந்து புறப்படும் மரத் தாங்குகட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஏற ஏறக் குறுகி, நடுவில் சென்று கூடும் விதானம் அது. தைவானில் எஞ்சியிருக்கும் இத்தகைய விதானங்களில் இதுவே பழமையானது என்பார்கள். சிலந்தி வலை என்று சிலர் வர்ணிக்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகக் கவிழ்த்த குடையாகவே பட்டது. மேடையில் பாடுபவரின் குரலைத் திரட்டி முற்றத்துக்கு அனுப்புவதும் இந்தக் குழிவின் பயன். மேடை பார்த்திருப்பது தெருவை அல்ல, கருவறையை. ஆட்டமும் பாட்டும் தெய்வம் பார்ப்பதற்காக, மனிதர்கள் நடுவில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

மற்றக் கோயில்களின் பளபளப்பான சிவப்பையும் பொன்னையும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு இங்கே ஏமாற்றமாக இருக்கலாம். மரம் நிறம் மங்கியிருக்கும், கல்தூண்களில் பூச்சு கிடையாது, முற்றம் அகலமாகவும் அமைதியாகவும் இருக்கும். இந்த அமைதிக்குப் பின்னால் இடர்களும் உண்டு. ஜப்பானியர் காலத்தில் இது ஒரு ஜப்பானியப் பௌத்தப் பிரிவின் கிளையாக மாற்றப்பட்டது. 1921இல் ஏற்பட்ட தீயில் பழைய குவான்யின் சிலை அழிந்தது. 1999 செப்டம்பர் 21 அன்று மத்திய தைவானைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் கட்டடம் கடுமையாகச் சேதமடைந்தது. பழுதுபார்த்து முடிக்க 2008 ஆனது. 1859இல் சீனாவின் நிங்போ நகரில் வார்த்த வெண்கல மணியையும் தேடிப் பாருங்கள்.

தைபேயில் உள்ள லோங்ஷான் கோயிலும் இதுவும் ஒன்றா?

இல்லை. தைபேயில் இருப்பது 1738இல் தொடங்கப்பட்ட வேறு கோயில். சுவான்சோவை அடுத்த ஆன்ஹாய் என்ற ஊரின் லோங்ஷான் கோயிலே இரண்டுக்கும் தாய்க்கோயில் என்பதால் பெயர் ஒன்றாக இருக்கிறது.

பிற சமயத்தார் உள்ளே போகலாமா? உடை, காலணி விதிகள் என்ன?

தாராளமாகப் போகலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நுழைவுக் கட்டணமும் இல்லை. நம்மவர்களுக்கு வியப்பளிப்பது காலணிதான்: கழற்ற வேண்டியதில்லை. பழக்கத்தில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தால், தேய்ந்த கல்லில் வழுக்கும் என்று கோயில்காரரே எச்சரிப்பார். தொப்பியைக் கழற்றுவது மரியாதை. உடைக்குக் கடுமையான விதி இல்லை, கடற்கரைக்குப் போவதுபோல் வராமலிருந்தால் சரி.

கவனிக்க வேண்டியவை வாசலும் நிலைப்படியும். நடுவாசல் தெய்வத்துக்கு உரியது. கோயிலைப் பார்த்து நின்றால் உங்கள் வலப்புறம் உள்ளது டிராகன் பக்கம், இடப்புறம் புலிப் பக்கம். டிராகன் வாசல் வழியாக நுழைந்து புலி வாசல் வழியாக வெளியேற வேண்டும். நிலைப்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்லுங்கள். அது உயரமாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் நிலையைப் பிடித்துக்கொண்டு தாண்டலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஊதுபத்தி ஏற்றும் முறை என்ன?

முதலில் முன்முற்றத்தில் உள்ள பெரிய தூபக் கலத்தின் முன் வெளிப்பக்கமாகத் திரும்பி நின்று வானத்து இறைவனை வணங்க வேண்டும். அதன் பிறகே உள்ளே திரும்பி மாட்சுவை வணங்குவது. பிறகு பக்கத்துச் சன்னதிகள், பின் மண்டபம் என்று வரிசை போகும். எந்தக் கலத்தில் எத்தனை பத்தி என்பது கோயிலுக்குக் கோயில் மாறும்; பெரும்பாலும் கலங்களில் எண் ஒட்டியிருக்கும். பத்தியை நெற்றி உயரத்தில் இரு கைகளாலும் பிடித்து, உங்கள் பெயர், வசிக்கும் ஊர், வேண்டுதல் ஆகியவற்றை மனத்துக்குள் சொல்லுங்கள். முகவரி சொல்லாவிட்டால் தெய்வம் உதவியை எங்கே அனுப்பும் என்பது இங்குள்ளவர்கள் பாதி வேடிக்கையாகவும் பாதி உண்மையாகவும் கேட்கும் கேள்வி.

தைபேயின் சிங்தியன் கோயில் 2014இல் ஊதுபத்தி ஏற்றுவதையே நிறுத்திவிட்டது. லுகாங்கில் அப்படி இல்லை, புகை அடர்ந்திருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் விழா நாட்களைத் தவிர்ப்பது நல்லது. பத்தி இல்லாமல் கைகூப்பி வணங்கினாலும் குறையில்லை.

பிறைக் கட்டைகளைப் போட்டுக் குறி கேட்பது எப்படி?

பூக்கட்டிப் பார்க்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் குவிந்தும் இருக்கும் சிவப்புப் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டு. ஃபுஜியான் குடியேறிகள் கொண்டுவந்த ஹொக்கியன் மொழியில் இவற்றுக்குப் ‘புவே’ என்று பெயர். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியை மனத்தில் கேட்டு, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தரையில் விட வேண்டும். ஒன்று தட்டை, ஒன்று குவிவு என்று விழுந்தால் தெய்வம் சம்மதிக்கிறது. இரண்டும் குவிந்த பக்கம் மேலாக விழுந்தால் மறுப்பு. இரண்டும் தட்டைப் பக்கம் மேலாக விழுந்தால் தெய்வம் சிரிக்கிறது. கேள்வி தெளிவாக இல்லை, திருத்திக் கேள் என்று பொருள்.

விரிவான பதில் வேண்டுமானால், உயரமான குடுவையிலிருந்து எண் எழுதிய மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து, இதுதான் எனக்குரிய குச்சியா என்று கட்டைகளைப் போட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒருமுறை சம்மதம் போதும் என்பாரும் உண்டு, தொடர்ந்து மூன்று முறை வேண்டும் என்பாரும் உண்டு. பிறகு அந்த எண்ணுள்ள இழுப்பறையிலிருந்து செய்யுள் அச்சிட்ட தாளை எடுத்துக்கொள்ளலாம். அது பழைய சீனச் செய்யுள். கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி அதைக் கொலை செய்துவிடும். கோயிலில் அமர்ந்திருக்கும் பெரியவர் யாரிடமாவது காட்டினால் நல்லதா கெட்டதா என்பதையாவது முகக்குறிப்பால் சொல்லிவிடுவார். கோயிலுக்குள் நின்று காதுகொடுத்தால் எல்லா நேரமும் கேட்பது, கல்தளத்தில் கட்டைகள் விழும் அந்த ‘டக், டக்’ ஓசைதான்.

படம் எடுக்கலாமா?

பொதுவாக எடுக்கலாம். ஃபிளாஷ் வேண்டாம், வேண்டிக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு எதிரே கேமராவை நீட்ட வேண்டாம். தடை எழுதியிருக்கும் இடத்தில் எடுக்காதீர்கள்.

திருவிழாக்கள் எப்போது?

சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதம் 23ஆம் நாள் மாட்சுவின் பிறந்தநாள். ஏப்ரல் அல்லது மே மாதத்தில் வரும். அதற்கு முந்தைய வாரங்களில் தீவின் பல பகுதிகளிலிருந்து கோயில் குழுக்கள் தங்கள் தெய்வங்களைப் பல்லக்கில் சுமந்து தியன்ஹோ கோயிலுக்கு வருகின்றன. மேளமும் பட்டாசும் காதைப் பிளக்கும். அருள் வந்தவர்கள் ஆடி வருவதையும் காணலாம். பல்லக்குப் பாதையில் குறுக்கே போகாதீர்கள். பட்டாசுக்காகச் சிறு குழந்தைகளுக்குக் காதுமூடி எடுத்துச் செல்லுங்கள். தாஜியா என்ற ஊரிலிருந்து புறப்படும் புகழ்பெற்ற மாட்சு ஊர்வலத்தைக் காண லுகாங்குக்கு வருவோர் சிலர் உண்டு. அந்த ஒன்பது நாள் ஊர்வலம் சாங்குவா நகரின் வழியாகச் செல்லுமே தவிர இந்த ஊருக்குள் வராது.

ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் டிராகன் படகு விழா. 1978இல் தொடங்கிய நாட்டுப்புறக் கலை விழாவும் அதையொட்டியே நடக்கிறது.

ஏழாம் மாதம் ஆவிகளின் மாதம். மற்ற ஊர்களில் மாத நடுவில் ஒரே நாளில் பொதுப்படையல் முடிந்துவிடும். லுகாங்கில் முன்பு ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு நாள் இருந்தது. மறந்துவிடாமல் இருக்க ஒரு பாட்டே கட்டியிருக்கிறார்கள். முதல் நாள் நீரில் விளக்கு விடுவது, மூன்றாம் நாள் அரிசிச் சந்தைத் தெரு, நான்காம் நாள் கல்வி–வீரக் கோயில், ஐந்தாம் நாள் நகரக் காவல் தெய்வம், பன்னிரண்டாம் நாள் லோங்ஷான் கோயில் என்று அந்தப் பாட்டு போகும். பசித்த ஆவிகள் மாதம் முழுவதும் வீடு வீடாகச் சாப்பிட்டுக்கொண்டே போகலாம் என்பதாக இந்த ஏற்பாடு.

‘இன்றிரவு வெளியே வர வேண்டாம்’ என்று விடுதியில் சொன்னார்கள். ஏன்?

லுகாங்கிலும் சுற்றியுள்ள கடலோர ஊர்களிலும், தூக்கில் இறந்தவரின் துயர ஆவியைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் அனுப்பிவைக்கும் இரவுச் சடங்கு ஒன்று இன்றும் நடக்கிறது. அதன் உண்மைப் பெயரைச் சொல்லவே தயங்கி, ‘இறைச்சிப் பொட்டலம் அனுப்புவது’ என்று மறைமொழியில் குறிப்பிடுவார்கள். இறைச்சி சேர்த்த அரிசியை இலையில் வைத்துக் கயிற்றால் கட்டித் தொங்கவிடும் பொட்டலத்தை வைத்து வந்த பெயர். ஊர்வலம் செல்லும் நாளும் வழியும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அந்த வழியில் உள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இது சுற்றுலா நிகழ்ச்சி அல்ல. பின்னால் ஒரு குடும்பத்தின் இழப்பு இருக்கிறது. எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடவே கூடாது. விடுதிக்காரர் சொன்னதைக் கேட்டு உள்ளே இருங்கள்.

பழைய தெருக்களில் எவை பார்க்கத் தக்கவை?

யாவ்லின் தெருவும் புதோவ் தெருவும் சேர்ந்ததையே இன்று பழைய தெரு என்கிறார்கள். செங்கல் தளம் பாவிய குறுகிய தெரு. ஒரு காலத்தில் இந்த வீடுகளின் பின்பக்கத்தில் படகுகள் வந்து நின்றன. நினைவுப்பொருள் கடைகள் அதிகம். அவற்றுக்கு நடுவே அரைக் கிணறு ஒன்று உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். வீட்டின் மதில் கிணற்றின் நடுவில் குறுக்காகச் செல்கிறது: பாதி உள்ளே வீட்டாருக்கு, பாதி வெளியே தெருவில் போகிறவர்களுக்கு. கிணறு தோண்ட வசதி இல்லாதவர்கள் கேட்காமலேயே நீர் இறைத்துக்கொள்ளட்டும் என்று கட்டிய ஏற்பாடு.

ஒன்பது வளைவுச் சந்து, இலையுதிர்காலத்தின் ஒன்பதாம் மாதக் காற்று நேராகப் பாய்ந்துவிடாமல் இருக்க வளைத்து வளைத்து அமைத்தது. லோங்ஷான் கோயிலுக்கு அருகே இன்னொரு சந்து இருக்கிறது. நூறு மீட்டர் நீளம், மிகக் குறுகிய இடத்தில் 70 சென்டிமீட்டர்தான் அகலம். எதிரெதிரே வரும் இருவர் உரசாமல் கடக்க முடியாது என்பதால் அதற்குக் கொச்சையான பெயர் ஏற்பட்டுவிட்டது. எதிரே பெண் வந்தால் ஆண் பின்வாங்கி வழிவிடுவான் என்பதால் ‘கனவான் சந்து’ என்றும் சொல்வதுண்டு. இரண்டாவது பெயரை நம்பி நடந்துகொள்ளுங்கள்.

சோங்ஷான் சாலை முன்பு கூரையால் மூடிய கடைத்தெருவாக இருந்தது. வானம் தெரியாத தெரு என்று அதற்குப் பெயர். 1930களில் ஜப்பானிய நிர்வாகம் சாலையை அகலப்படுத்தியபோது கூரை போய்விட்டது. இன்று அதே சாலையில் காகித விளக்கு செய்பவர்கள், மரச்சிற்பிகள், வெள்ளீயக் கைவினைஞர்கள் ஆகியோரின் கடைகள் இருக்கின்றன.

அருங்காட்சியகம், கல்விக்கூடம், கண்ணாடிக் கோயில் ஆகியவற்றுக்கும் போக வேண்டுமா?

நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்துக்கு அவசியம் போங்கள். 1919இல் கூ சியன்ரோங் என்ற பெருவணிகர் கட்டிய ஐரோப்பியப் பாணி மாளிகை அது. 1973இல் குடும்பத்தார் அதை அருங்காட்சியகமாக அளித்தார்கள். கட்டணம் உண்டு, திங்கட்கிழமை விடுமுறை.

1824இல் தொடங்கி 1827இல் முடித்த வென்கை கல்விக்கூடமும், அதை ஒட்டிய கல்வித் தெய்வத்தின் கோயிலும், வீரத் தெய்வமான குவான் கோங்கின் கோயிலும் மரநிழலில் அமைதியாக இருக்கும். கால் ஓய்ந்தவர்கள் உட்கார நல்ல இடம்.

கண்ணாடிக் கோயில் 2012இல் திறக்கப்பட்டது. கடலோரத் தொழிற்பேட்டையில், ஏறக்குறைய 70,000 கண்ணாடித் துண்டுகளால் கட்டப்பட்ட மாட்சு கோயில் அது. பழைய ஊரிலிருந்து நடந்து போக முடியாது. பழமை தேடி வந்தவருக்கு முதலில் கண்காட்சிப் பொருளாகத் தோன்றலாம். மாலையில் விளக்கேற்றிய பிறகு போனால் அந்த எண்ணம் கொஞ்சம் மாறும்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், தேட வேண்டும். லுகாங்கின் பெயர்பெற்ற உணவுகள் சிப்பி ஆம்லெட், சேற்று இறால் போன்றவை. சைவக் கடைகளை அடையாளம் காண எளிய வழி, பெயர்ப்பலகையில் உள்ள ஸ்வஸ்திகா சின்னம். இங்கே அது பௌத்தச் சின்னம், சைவ உணவுக்கும் அடையாளம். கேட்கும்போது ‘சூ’ என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். பௌத்தச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் சேர்க்க மாட்டார்கள். முட்டையும் பாலும் சேரும் வகை தனியாக இருக்கிறது என்பதால் முட்டை வேண்டாதவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள்.

மாட்டு நாக்கு ரொட்டி என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். நாக்கைப் போல நீளவாட்டில் தட்டையாக இருப்பதால் வந்த பெயர்; உள்ளே இருப்பது இனிப்புப் பாகு. மாவில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் கடைகள் இருப்பதால் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அரிசிமாவும் சர்க்கரையும் சேர்த்து அச்சில் அழுத்திய பீனிக்ஸ் கண் பலகாரம் வாயில் வைத்ததும் கரையும்.

இந்த ஊருக்கும் தமிழர்களுக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. ஆனால் லுகாங் மக்களில் பெரும்பாலோரின் மூதாதையர் ஊரான சுவான்சோவுக்கு உண்டு. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்–சீனக் கல்வெட்டு ஒன்று 1956இல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. திருக்கதலீச்சுரம் என்ற சிவன் கோயிலில் சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. அந்தத் துறைமுகத்தில் அக்காலத்தில் அரபு, பாரசீக வணிகர்களும் குடியிருந்தார்கள். லுகாங்கின் சோங்ஷான் சாலையில் டிங் குடும்பத்தின் பழைய வீடு இருக்கிறது. சுவான்சோவுக்கு அருகிலுள்ள செந்தாயிலிருந்து வந்த இந்தக் குலத்தின் தொல்முன்னோர் முஸ்லிம் வணிகர்கள். வீட்டுக்குள் இலவசமாகப் போய்ப் பார்க்கலாம்.

விசா வேண்டுமா?

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். சென்னையில் 2012 முதல் தைபே பொருளாதார, பண்பாட்டு மையம் இயங்கிவருகிறது. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை.

கோயிலிலிருந்து என்ன வாங்கி வரலாம்?

1756 முதல் ஊதுபத்தி விற்றுவரும் ஷி ஜின்யூ கடை ஊரில் இருக்கிறது. பெட்டியில் எளிதாக அடங்கும். தியன்ஹோ கோயிலில் சிவப்புத் துணியாலோ காகிதத்தாலோ ஆன சிறு காப்புப் பைகள் கிடைக்கும். வாங்கியதும் சட்டைப் பைக்குள் போட்டுவிடாதீர்கள். பெரிய தூபக் கலத்துக்கு மேலே, புகையில் படும்படி கடிகாரம் சுற்றும் திசையில் மூன்று சுற்றுச் சுற்றிய பிறகே அது காப்பு ஆகும். அதுவரை அது வெறும் துணிதான் என்று பக்கத்தில் நிற்கும் யாராவது ஒரு பாட்டி உங்கள் கையைப் பிடித்தே சுற்றிக்காட்டிவிடுவார்.